சண்டிகர் கண்ட போலந்து நாட்டுக் கலைஞர்



சண்டிகரை அமைத்தவர் யார் என்று வினவினால், நம் பிள்ளைகள் உடனே லெ கொர்பூசியே என்பர். அது தவறன்று. ஆயினும் அவருக்கு முன்பே நாம் வாழும் இந்நகருக்காக உழைத்த போலந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் ஒருவர் உண்டு. மாச்சேய் நொவிட்ஸ்கி என்னும் அவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

1910-ஆம் ஆண்டு சைபீரியாவிலுள்ள சீத்தா நகரில் பிறந்த அவர், வார்சாவில் கட்டிடக் கலை பயின்றார். ஜெர்மானியர் ஆட்சியில் மாணவர்க்கு மறைவாக அக்கலையைக் கற்பித்தார். போர் முடிந்தபோது வார்சா இடிந்த செங்கற்குவியலாய்க் கிடந்தது. அதை மீண்டும் எழுப்பும் திட்டத்தில் பங்கு கொண்டார். பின்னர் அமெரிக்கா சென்று, 1948 முதல் வட கரோலினா மாநிலக் கல்லூரியில் கட்டிடக் கலைத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

அங்கே ராலி நகரின் கண்காட்சி அரங்குக்கு அவர் வகுத்த அமைப்பைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். வெளிப்புறம் சாய்ந்த இரண்டு பெரிய கான்கிரீட் வளைவுகள். அவற்றிடையே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள். அவ்வடங்களின் மேல் கூரை. கயிற்றுக் கட்டிலை நினைத்துக் கொள்ளுங்கள்! வளைவுகள் வெளியே சாய முயல, வடங்கள் உள்நோக்கி இழுக்கின்றன. கூரையைத் தாங்க உள்ளே ஒரு தூண்கூட இல்லை.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. அதனைத் திட்டமிட அமர்த்தப்பெற்ற அமெரிக்கர் ஆல்பர்ட் மேயர், நொவிட்ஸ்கியைத் துணைக்கு அழைத்தார். 1950-இல் இந்தியா வந்த அவர், நகரை ஓர் இலை வடிவில் வரைந்தார். இலை நரம்புகள்போல் கிளைக்கும் சாலைகள்; இலையின் தலைப்பில் அரசாங்கக் கட்டிடங்கள்.

வேலை தொடங்கிய நிலையிலேயே முடிவும் வந்தது. அமெரிக்கா திரும்பும் வழியில், 1950 ஆகஸ்டு 31 அன்று, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் எகிப்திலேயே விழுந்து நொறுங்கிற்று. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். நொவிட்ஸ்கிக்கு வயது 40.

வேறொருவரைத் தேடி, தாப்பர், வர்மா என்னும் பஞ்சாப் அதிகாரிகள் இருவர் ஐரோப்பா சென்றனர். கொர்பூசியே வந்தது அதன் பிறகே. 1951-இல் அவர் வளைந்த சாலைகளை நேராக்கினார். இலை மறைந்து கட்டங்கள் தோன்றின. ஆனால் தலைப்பில் அரசாங்கக் கட்டிடங்கள், நடுவில் வாணிபப் பகுதி, தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகள் என்ற பழைய ஏற்பாடு நிலைத்தது. முதலில் அளந்து கோடிட்டவர் பெயர் கோப்பின் அடியில் போய்விடுவது, அலுவலகத்தில் நாம் அன்றாடம் காண்பதுதானே!

ராலி அரங்கையும் அவர் கண்ணால் காணவில்லை. டீட்ரிக் என்னும் கட்டிடக் கலைஞர் 1952-இல் அதனை முடித்தார். நொவிட்ஸ்கியின் மனைவி ஸ்தானிஸ்லாவாவும் கட்டிடக் கலைஞரே. கணவரை இழந்தபின் அவ்வம்மையார் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு அக்கலையைக் கற்பித்தார்.