உழவின் கணக்கும் நாடுகளின் ஒப்பும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உழவனின் வறுமையைச் சொல்ல எழுந்த வாக்கு அது. எனினும் அதனுள் ஒரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. உழவின் கணக்கில் எவற்றை வரவாக எழுதுவது, எவற்றைச் செலவாக எழுதுவது? இக்கேள்வியை இன்று நாடுகள் பலவற்றை அருகருகே நிறுத்திக் கேட்கிறார்கள். எந்த நாட்டின் உழவு நீடித்து நிற்கக் கூடியது? எந்த நாட்டின் உழவு நாளைய முதலை இன்றே உண்டு தீர்க்கிறது? இதை அளப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம், ஊரிலிருந்து வருபவரைக் கண்டதும் கேட்பது, "மழை எப்படி, விளைச்சல் எப்படி?" என்பதுதான். காவிரிப் படுகையில் நம் முன்னோர் வேலிக்கு இத்தனை கலம் என்று விளைச்சலை அளந்தார்கள். உலக நாடுகளும் நெடுங்காலம் அவ்வாறே அளந்தன. கலத்துக்குப் பதில் டன், வேலிக்குப் பதில் ஹெக்டேர், அவ்வளவே வேறுபாடு. விளைச்சல் முதன்மையான அளவு என்பதில் ஐயமில்லை. வயிறு நிரம்பாத நாட்டில் வேறு எதைப் பேசியும் பயனில்லை. ஆனால் இவ்வாண்டு எவ்வளவு எடுத்தோம் என்பதை அது சொல்லுமேயன்றி, எடுத்த பின் நிலத்தில் எஞ்சியது என்ன என்பதைச் சொல்லாது.

2009ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. மக்காச்சோளம் விளையும் மூன்று இடங்களில் நிலத்துக்குச் சென்ற தழைச்சத்தையும் அறுவடையோடு வெளியேறிய தழைச்சத்தையும் அறிஞர்கள் கணக்கிட்டார்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் உழவர் ஓராண்டில் ஒரு ஹெக்டேருக்கு இட்டது 7 கிலோ. தானியமும் தட்டையும் கொண்டு சென்றது 59 கிலோ. அங்கே ஆண்டுதோறும் 52 கிலோ பற்றாக்குறை. வட சீனத்தில் கோதுமையும் மக்காச்சோளமும் மாறி மாறி விளையும் நிலத்துக்கு இட்டது 588 கிலோ; அறுவடையில் சென்றது 361 கிலோ. அங்கே 227 கிலோ மிகை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உரமாக இட்டது 93 கிலோ. மாற்றுப் பயிரான சோயா காற்றிலிருந்து ஈர்த்துத் தந்தது 62 கிலோ. தானியமாக வெளியேறியது 145 கிலோ. மிகை 10 கிலோவே.

இந்த எண்களின் பொருளை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கென்ய உழவன் தன் மண்ணின் முதலையே எடுத்து உண்கிறான். வட்டி வருவதற்குள் முதல் கரைகிறது. சீன நிலத்தில் பயிர் உண்ணாமல் விட்ட மிகை நிலத்தடி நீரிலும் ஆற்றிலும் காற்றிலும் கலந்து கேடு விளைக்கிறது. ஒருவனுக்கு உரம் போதவில்லை. மற்றவனுக்கு உரமே சுமையாகிறது. ஆகவே, குறைவாக உரமிடும் நாடே நல்ல நாடு என்று ஒரே கோலால் அளந்தோமானால், மண் மெலிந்து மக்கள் பசித்திருக்கும் நிலத்துக்கு முதற்பரிசு கொடுத்தவர்களாவோம்.

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 17 வளர்ச்சிக் குறிக்கோள்களை ஏற்றுக்கொண்டது. அவற்றுள் இரண்டாவது பசியை ஒழிப்பது. அதன்கீழ், ஒரு நாட்டின் உழவு நிலத்தில் எத்தனை பங்கு நீடித்து நிலைக்கும் முறையில் உழப்படுகிறது என்பதை அளக்க ஒரு வழி வகுக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு உணவு வேளாண்மை நிறுவனத்தினுடையது. அதில் 11 கூறுகள் உண்டு: நில அளவுக்கேற்ற விளைச்சலின் மதிப்பு, உழவனின் நிகர வருவாய், இடர் வந்தால் தாங்கும் வழி, மண்ணின் கேடு, நீர்வளத்தின் ஏற்றத்தாழ்வு, உரத்தைக் கையாளும் முறை, பூச்சிமருந்தைக் கையாளும் முறை, பல்லுயிர்களைப் பேணும் பழக்கம், கூலியாளின் ஊதியம், உழவர் வீட்டில் உணவுக் குறைவு, நிலத்தின்மீது உறுதியான உரிமை.

மண்ணைப் பற்றிய கணக்கில் கூலியாளின் ஊதியத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கூலி போதாமல் ஊரை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழைப்பவனைத் தாங்காத வயல் நெடுநாள் நிற்காது.

இந்த 11 கூறுகளையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்துச் சராசரி காண்பதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. ஒவ்வொரு கூறுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகள் உண்டு. எந்தக் கூறு மிகத் தாழ்ந்து நிற்கிறதோ அதுவே ஒரு நாட்டின் நிலையை முடிவு செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யூஸ்டஸ் லீபிக் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் பயிரைப் பற்றிப் பரப்பிய நியதியும் இத்தகையதே. பயிருக்கு எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை. பலகைகள் சேர்த்துச் செய்த பீப்பாயில் ஒரு பலகை குட்டையானால், நீர் அந்தப் பலகையின் உயரத்துக்குமேல் நில்லாது.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, இந்தியா முழுவதிலும் ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் எடுக்கப்பட்டது சுமார் 59 விழுக்காடு. கேட்பதற்கு நிம்மதியான செய்தி. ஆனால் பஞ்சாபில் அது 160 விழுக்காட்டுக்கு மேல். இராஜஸ்தானில் 140க்கு மேல். ஹரியானாவில் 130க்கு மேல். மழை தருவதற்கு மேலாக எடுப்பதெல்லாம் பழைய சேமிப்பிலிருந்து எடுப்பதே. அரசின் கொள்முதலுக்குப் பெருமளவு கோதுமையும் நெல்லும் தரும் மாநிலங்களுள் முன்னிற்பது பஞ்சாப். தில்லியில் நம் வீட்டில் சுடும் சப்பாத்தியில் அந்த நீரின் பங்கும் உண்டு.

ஒரு பலகையை உயர்த்தப் போய் மற்றொன்றைத் தாழ்த்திவிடுவதும் உண்டு. நிலத்தடி நீரைக் காக்க 2009ஆம் ஆண்டில் பஞ்சாப் ஒரு சட்டம் இயற்றியது. கோடையின் கடும் வெயிலில் நெல் நாற்று நடுவதை அது தடுத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் நடவு பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. அடுத்துக் கோதுமை விதைப்பதற்குக் கிடைத்த நாட்கள் சுருங்கின. வயலை விரைவில் ஒழிக்க வைக்கோல் தாளுக்கு நெருப்பிடுவது, காற்றில் அசைவு குறைந்த அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போயிற்று. தில்லியை மூடும் புகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. நீரின் கணக்கில் எழுதிய வரவு, காற்றின் கணக்கில் செலவாயிற்று.

அண்டை நாடான இலங்கை 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. உரம் என்ற ஒரு கூறு மட்டும் பார்த்தால் அது பெரிய முன்னேற்றமாகத் தோன்றும். மாற்று உரம் போதிய அளவில் ஆயத்தமாக இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகக் குறைந்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தடை தளர்த்தப்பட்டது. விளைச்சல், வருவாய், வீட்டு உணவு ஆகிய பலகைகள் ஒருசேரத் தாழ்ந்தன.

நாட்டின் எல்லைக்கோடும் கணக்கை மறைக்கும். நெதர்லாந்து சிறிய நாடு. ஆயினும் உணவுப்பொருள் ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்பது. அதன் கால்நடைகளுக்கு வேண்டிய சோயா கடல் கடந்து பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. விளைந்த மண்ணின் சத்து ஓரிடத்தில் குறைய, சாணத்தின் மிகை மற்றோரிடத்தில் குவிகிறது. 2019 மே மாதத்தில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், தழைச்சத்து மாசுக்கு அனுமதி வழங்கிவந்த அரசின் திட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. அதன் விளைவாக உழவர் டிராக்டர்களோடு சாலைக்கு வந்து கிளர்ச்சி செய்தார்கள். இறக்குமதி செய்யும் நாடு தன் கணக்கைத் தூய்மையாகக் காட்டிக்கொண்டு, கேட்டைப் பிறர் மண்ணில் விட்டு வைப்பதும் இயலும் என்பதை நாம் மறக்கலாகாது.

இத்தகைய அளவைகளுக்கு ஒரு தடையும் உண்டு. 11 கூறுகளையும் வயல் வயலாகக் கேட்டறிய வேண்டும். அதற்குப் பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். பல நாடுகளிடம் இவ்விவரங்கள் இல்லை. ஆகவே கிடைக்கும் தேசியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு தோராயமாக மதிப்பிடும் மாற்றுவழியும் கையாளப்படுகிறது. அளக்கப்படாத உழவு நலமாக இருக்கிறது என்று கொள்வது, மருத்துவரிடம் செல்லாதவனுக்கு நோயில்லை என்று கொள்வது போன்றது.

ஆதலால், நாடுகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று நம் கைக்கு வரும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவற்றை அளந்தார்கள்? மிகத் தாழ்ந்த கூறு எது? கேடு எல்லைக்கு அப்பால் சென்றதா? இவற்றுக்கு விடையில்லாத பட்டியலில் முதலிடம் பெறுவதும் கடைசியிடம் பெறுவதும் ஒன்றே. விடை இருக்குமானால், அப்பட்டியல் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் குட்டைப் பலகையைக் காட்டும். கென்யாவுக்கு அது மண். பஞ்சாபுக்கு அது நீர். நெதர்லாந்துக்கு அது மிகையான சாணம்.

ஏரை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம் என்பதால் உழவின் கணக்கிலிருந்து நம் பெயர் நீங்கிவிடவில்லை. உழுபவர் பக்கத்தில் இருந்த பெயர் உண்பவர் பக்கத்துக்கு மாறியிருக்கிறது. ஊர்க்காரரிடம் விளைச்சல் எப்படி என்று கேட்கும் நாம், இனிமேல் கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருக்கிறது, கூலி கட்டுகிறதா என்றும் சேர்த்துக் கேட்போமாக.