இருட்டில் எது ஆயுதம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசுவதுபோலத்தான் பேசுவேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் குழுவுக்கு ஒரு வியாபாரி வந்தார். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. “புயல், வெள்ளம் எது வந்தாலும் இந்தப் பெட்டி ஒண்ணு போதும்மா” என்றார். திறந்து காட்டினார். மடக்குக் கத்தி, மிளகு ஸ்பிரே, ஷாக் அடிக்கும் டார்ச், திசை காட்டும் கருவி, சின்னக் கோடாரி. விலை 3,500 ரூபாய். எங்கள் குழுவில் 12 பேர். ஆளுக்கு ஒன்று என்றால் 42,000 ரூபாய். உள்கடன் போட்டு வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு தங்கச்சி, “அக்கா, ஆபத்துன்னா துப்பாக்கிகூட வச்சுக்கலாமாமே, லைசென்ஸ் கிடைக்குமாமே” என்றும் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக இருக்கிறவள். அவள் பயம் நிஜம்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன்னால், எங்கள் வீட்டு வாசற்படி தாண்டாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட பையனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “சொல்லுங்க அத்தை, நாலு பேருக்கு உதவும்” என்று அவனே சொன்னான்.

2018 நவம்பர் 16. நம்மில் யாருக்கும் மறக்காத தேதி. நடுராத்திரிக்கு மேல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. முதலில் ஒரு பக்கத்துக் காற்று. பிறகு கொஞ்ச நேரம் அப்படியே ஓய்ந்தது. விட்டது சனியன் என்று சிலர் வெளியே வந்தார்கள். அப்புறம்தான் எதிர்ப்பக்கத்துக் காற்று வந்து, நின்றிருந்த மிச்ச மரத்தையும் சாய்த்தது. புயலின் கண் தலைக்கு மேலே போகும்போது காற்று அப்படித்தான் ஓயும், ஏமாந்து வெளியே வரக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

கரண்ட் இல்லை. போன் இல்லை. தென்னை மரங்கள் சாலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நாலாம் நாள் ராத்திரி, “பக்கத்து ஊரில் திருடன் இறங்கிட்டான்” என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் பார்த்தார்கள், எந்த வீட்டில் திருட்டு போனது, ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லார் வீட்டிலும் அரிவாள் கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும்தான்.

நள்ளிரவு இருக்கும். கொல்லைக் கதவை யாரோ தள்ளுகிற சத்தம். எங்க வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் டார்ச்சைத் தடவி எடுத்து அமுக்கினேன். எரியவில்லை. மாதக்கணக்காக உள்ளேயே கிடந்த செல் ஊறிக் கசிந்து, கம்பியெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. கதவு திறந்தது. ஓர் உருவம். அவர் அரிவாளை வீசிவிட்டார். “மாமா, நான்தான்!” என்று ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பையன். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அவன் அப்பாயிக்கு மூச்சுத் திணறல் என்று எங்களை எழுப்ப வந்தவன். காற்றில் வேலி போய்விட்டதால் கொல்லை வழியாகவே வந்துவிட்டான்.

அரிவாள் நிலையில் இறங்கியிருந்தது. அவன் தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். அந்த வெட்டு இன்றைக்கும் எங்கள் கதவு நிலையில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம். அந்த இடத்தை மட்டும் பட்டி வைத்து அடைக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த ராத்திரி அதோடு முடியவில்லை. அப்பாயியை நாற்காலியில் உட்கார வைத்து, நைலான் கயிற்றால் கட்டி, தார்ச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் மரம். அதே அரிவாள்தான் கிளைகளை வெட்டி வழி விட்டது. எங்கள் குழுப் பெண்கள் ஆறு பேர் கூட வந்தார்கள். ஒருத்தி வீட்டில் இருந்த நல்ல டார்ச் முன்னால் போனது. விடிவதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். அப்பாயி பிழைத்தது.

ஒரே அரிவாள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு உயிரை எடுக்கப் பார்த்தது, இன்னொரு உயிரைக் காப்பாற்றியது. நடுவில் இருந்த வித்தியாசம் வெளிச்சமும் கூட நின்ற ஆட்களும்தான். எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நிலைக்கதவுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்தத் தங்கச்சிக்கு இப்போது பதில் சொல்கிறேன். துப்பாக்கி என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்கு வருகிற ஆபத்து எது? காற்று, தண்ணீர், இருட்டு, அறுந்து கிடக்கிற மின்கம்பி, பாம்பு, வயிற்றுப்போக்கு. இவற்றில் எதைச் சுட முடியும்? ஆள் பயம் இருக்கிறது என்றால், இருட்டில், பதற்றத்தில், முகம் தெரியாமல் யாரைச் சுடுவோம்? அனேகமாக உதவி கேட்டு வந்தவனைத்தான். மிளகு ஸ்பிரேயும் மூடின அறையிலோ எதிர்க்காற்றிலோ நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

முதல் கேள்வி: நம் ஊருக்கு உண்மையிலேயே வருகிற ஆபத்துக்கு இது உதவுமா? திசை காட்டும் கருவி எனக்கு எதற்கு? கோயில் கோபுரம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது: கண்ணை மூடிக்கொண்டு இதை எடுத்து இயக்க முடியுமா? வாங்கி பரண்மேல் போட்ட பொருள் அன்றைக்கு இறங்கி வராது.

மூன்றாவது: நான் வீட்டில் இல்லாதபோது மாமியாரோ, பிள்ளையோ இதைப் பயன்படுத்துவார்களா? குழந்தை கையில் கொடுக்கப் பயப்படுகிற பொருள் என்றால் அது அவசரப் பைக்குள் இருக்கக் கூடாது.

இந்த மூன்று கேள்வியையும் கேட்டால் அந்தக் கறுப்புப் பெட்டியில் பாதி கழிந்துவிடும். மீதியை வைத்து எங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறோம் என்று சொல்கிறேன்.

வெளிச்சம்: நெற்றியில் மாட்டுகிற டார்ச் ஒன்று, கை டார்ச் ஒன்று. நெற்றி டார்ச் இருந்தால் இரண்டு கையும் பிள்ளையைத் தூக்க மிச்சம். செல்லை டார்ச்சுக்குள் வைக்காதீர்கள், பக்கத்திலேயே தனியாகக் கட்டி வையுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே அளவு செல் போடுகிற டார்ச் வாங்கினால் ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்ளலாம். மெழுகுவத்தி வேண்டாம். காற்றில் சாய்ந்தால் தீ, கேஸ் கசிந்திருந்தால் அதைவிட மோசம்.

குரல்: விசில். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். கத்தினால் தொண்டை போகும், காற்றில் கேட்காது. விசில் கேட்கும். மூன்று முறை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று முறை. பல இடங்களில் ஆபத்துக்கு அதுதான் அடையாளம். திருடன் பயத்துக்கும் என் பதில் இதுதான். ஒருத்தி ஊதினால் பத்து வீடு எழுந்திருக்கும்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது வேண்டும். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு போதும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பி மூடிவிடுங்கள். குளோரின் மாத்திரை இருந்தால், அட்டையில் போட்டிருக்கிற அளவு பார்த்துப் போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, தலை தட்டி.

மருந்து: பிரஷர், சுகர் மாத்திரை ஏழு நாளைக்கு, டாக்டர் சீட்டோடு. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் கரண்ட் போனால் பதற வேண்டாம். ஈரமணல் போட்ட மண்பானைக்குள் சின்னக் கலயம் வைத்து, அதற்குள் மருந்தை வைத்து, மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் குளிர்ச்சி நிற்கும்.

தாள்கள்: ரேஷன் கார்டு, ஆதார், பாஸ் புக், பட்டா, குழுவின் தீர்மானப் புத்தகம். இவை ஜிப் கவரில். போனில் ஒரு படம் எடுத்து வெளியூர் சொந்தத்துக்கு அனுப்பி வையுங்கள். பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம். கரண்ட் இல்லாதபோது ஏ.டி.எம்மும் இல்லை, ஐநூறுக்குச் சில்லறையும் இல்லை.

நம்முடைய தேவை: இதைச் சொல்ல எதற்கு வெட்கம்? நாப்கின், உள்ளாடை, மாற்று நைட்டி, பழைய சேலை ஒன்று. முகாமில் ஆண்களிடம் கேட்க முடியாத பொருள் இவைதான். கால் மூடின செருப்பு. உடைந்த ஓடும் ஆணியும் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இருந்ததுபோக, புதிதாக வாங்கியதற்கு எனக்கு 640 ரூபாய் ஆனது.

வீட்டுக்கு வீடு வாங்கத் தேவையில்லாத பொருள் சில இருக்கின்றன. கண்ணி வைத்த நல்ல தார்ப்பாய், கெட்டியான நைலான் கயிறு, கை ரம்பம், செல்லில் ஓடும் ரேடியோ, முதலுதவிப் பெட்டி. இவற்றைக் குழுவுக்கு ஒரு டிரங்குப் பெட்டியாக வைக்கலாம். நான் விசாரித்ததில் 9,000 ரூபாய் ஆகும். 12 வீட்டுப் பையும் பொதுப் பெட்டியும் சேர்த்தால் 17,000 ரூபாய்க்குள் முடியும். வியாபாரி கேட்டது 42,000. அவர் கொடுக்கிற பன்னிரண்டு கோடாரியைவிட நம் ஒரு தார்ப்பாய் அதிகம் உழைக்கும்.

அரிவாளும் ரம்பமும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றின் இடம் கட்டிலுக்கு அடியில் இல்லை, பெட்டிக்குள். வேலை மரம் வெட்டுவது. அதிலும், வளைந்து இழுபட்டு நிற்கிற கிளையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள், தெறித்து அடிக்கும். கம்பி சுற்றிய மரத்தைத் தொடவே வேண்டாம், மின்வாரிய ஆள் வரட்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கடைசியாக ஒன்று. ஆயுத பூஜை அன்றைக்கு நாம் எல்லாச் சாமானையும் எடுத்துக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். சரியாக மழைக்காலத்துக்கு முன்னால் வருகிற நாள். இனி அன்றைக்கு அவசரப் பையையும் எடுத்து வைப்போம். செல் எரிகிறதா, மாத்திரை தேதி முடிந்ததா, தண்ணீர் கேன் ஓட்டையா என்று பார்ப்போம். பூஜை செய்யாத வீட்டுச் சகோதரிகளுக்கும் அது விடுமுறை நாள்தான், அவர்களும் அன்றைக்கே பார்க்கலாம். அன்று சாயங்காலம் ஊரே விளக்கை அணைத்து, பத்து நிமிஷம் ஒத்திகை பார்ப்போம். எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எந்த வீட்டில் கர்ப்பிணி, யார் யாரைத் தூக்குவது என்று குழு நோட்டில் எழுதி வைப்போம்.

எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலத்துக்கு 1070. ஆம்புலன்ஸ் 108. போலீஸ் 112. பெண்கள் உதவிக்கு 181. போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் செத்துவிடும். கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதுங்கள்.

பொதுப் பெட்டி வாங்க இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக இருக்கிற அந்தத் தங்கச்சி வீட்டுக்கு முதல் விசிலை நான் வாங்கி வந்திருக்கிறேன். என் வீடு அவள் வீட்டுக்கு நாலாவது வீடு. அவள் ஊதினால் எனக்குக் கேட்கிறதா என்று இன்றைக்கு ராத்திரியே பார்க்கப் போகிறோம்.