தொட்டி நிரம்பியது, குடம் நிரம்பவில்லை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். நாம் இன்று நினைவுகூரும் தோழர் புகழ்ச்சியை விரும்பாதவர். எந்த நிவாரணப் பணியானாலும் "கணக்கு எங்கே?" என்று கேட்பவர். அதனால் நானும் ஒரு கணக்கைப் பற்றியே பேசுகிறேன். அது பேரிடர் காலக் குடிநீர்க் கணக்கு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000க்கும் அதிகமானவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அப்போது நான் சமூகவியல் முதுகலை மாணவி. ஒரு தொண்டர் குழுவோடு நாகைக்குப் போனேன். முகாமில் எத்தனை தொட்டி, எத்தனை லிட்டர், நிரப்பியாயிற்றா என்று குறிக்க என்னிடம் ஒரு படிவம் தந்திருந்தார்கள்.

ஒரு முகாமில் கறுப்புத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. 'ஆம்' என்று குறித்தேன். சற்றுத் தள்ளி ஒரு பாட்டி காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி பிடிக்கலையா பாட்டி?"

"நாங்க தொட்டா தீட்டாம் பாப்பா. அவங்கல்லாம் பிடிச்ச பொறவு யாராச்சும் ஊத்துனாத்தான் உண்டு."

இதை எழுத என் படிவத்தில் இடம் இல்லை. வண்டி கிளம்பியது, ஏறிக்கொண்டேன். குறித்த 'ஆம்' அப்படியே மேலே போனது. அந்த முகாமில் எல்லோருக்கும் குடிநீர் கிடைத்ததாக ஏதோ ஓர் அறிக்கையில் என் கையெழுத்தோடு இருக்கும். இதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

அலையில் அதிகம் இழந்தவர்கள் மீனவ மக்கள். அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதே கடற்கரையை நம்பிக் கூலி வேலை செய்த தலித் மக்கள் முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நிவாரணப் பட்டியலிலும் ஒதுக்கப்பட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் இதைப் பின்னர் பதிவு செய்தன. சாவு எல்லோருக்கும் பொதுவாக வந்தது. தண்ணீர் அப்படி வரவில்லை.

பாதுகாப்பான குடிநீர் என்றால் என்ன? 'ஸ்பியர்' என்ற பன்னாட்டு நிவாரணக் கையேடு அளவுகள் சொல்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நல்ல அளவுகள்தான். ஆனால் தொட்டியை நெருங்க முடியாத பாட்டி, தாகம் தாங்காமல் கடல்நீர் புகுந்த குட்டையில்தான் மொள்ளுவார். தொட்டியில் போட்ட குளோரினால் அவருக்கு என்ன பயன்? அங்கே வயிற்றுப்போக்கு தொடங்கினால் அது சேரியோடு நிற்காது. முகாமில் தீண்டாமை ஒரு சுகாதாரப் பிரச்சினையும்கூட.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் கூறு 15(2), பொதுக் கிணறு, குளங்களில் சாதித் தடை கூடாது என்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பால், சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தப் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முகாமில் அதிகாரியிடம் சொல்ல உதவும்.

ஆனால் மகத்தை மறக்க வேண்டாம். அங்கே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய்க் குடிக்கும்வரை அது வெறும் காகிதம்தான். குடித்த பிறகும் வழக்கு 1937வரை உயர் நீதிமன்றத்தில் நடந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. "சண்டை வேண்டாம், சேரிக்குத் தனித் தொட்டி வைத்துவிடுவோம்" என்பார்கள் நிவாரணக் குழுவினர். தாகத்தில் இருப்பவரிடம் அதை மறுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீர் முதலில் வரட்டும். ஆனால் தூரத்தையும் தலைக்கணக்கையும் பார்த்து எல்லாக் குடியிருப்பிலும் தொட்டி வைப்பது வேறு, சாதி பார்த்து வைப்பது வேறு. முதலாவது உரிமை. இரண்டாவது அரசுச் செலவில் தீண்டாமை. எந்தத் தொட்டியிலும் எவரும் பிடிக்கலாம் என்று எழுதி வைத்து, அதை நடத்தியும் காட்ட வேண்டும்.

அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ நீங்கள் தொண்டர்களாகப் போவீர்கள். எத்தனை லிட்டர் என்பதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். யார் கடைசியில் பிடித்தார்? யார் பிடிக்கவே இல்லை? குழாயைத் திறக்கும் கை யாருடையது? இவற்றைத் தொட்டியருகே நின்று கேட்காதீர்கள். அங்கே பதில் வராது. சேரிக்குப் போய், அங்குள்ள பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். குழாய்ப் பொறுப்பாளர்களில் அவர்களும் இருக்கும்படி செய்யுங்கள்.

படிவத்தில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். நான் அன்று எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.