பல்லுக்கும் விடுப்பு உண்டு

(கம்போங் மேடானில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நான் பேசப்போவது ஈறு நோயைப் பற்றி. சிரிக்காதீர்கள், கடைசியில் சம்பளத்துக்கே வந்து சேருவேன்.

பல் துலக்கித் துப்பும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்டால், "உடம்புச் சூடுங்க கிராணி, இளநீர் குடித்தால் போய்விடும்" என்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சூடு அல்ல. பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் ஒரு வழுவழுப்பான படலம் படிகிறது. அது முழுக்கக் கிருமி. தினமும் துடைத்து எடுக்காவிட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அதைத்தான் பல்காரை என்கிறோம். அந்தக் கிருமியோடு உடம்பு சண்டை போடுவதால் ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது.

பால்மரத்தை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். பட்டையை மட்டும் அளவாகச் சீவினால் புதுப்பட்டை வளரும். கத்தி கட்டைவரை இறங்கிவிட்டால் அந்த இடம் பழையபடி ஆகாது. ஈறு நோயும் அப்படியே. இரத்தம் கசிவதோடு நிற்கும் முதல் கட்டத்தில் முழுவதும் குணமாக்கலாம். அதைத் தாண்டி, ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கினால், போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். மேலும் கரையாமல் நிறுத்தலாம், அவ்வளவே.

இதை நிரூபித்தவர்களில் ஒருவர் நார்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோ. 1965இல் அவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சீக்கிரமே அடங்கியது.

அதே அறிஞர் பிறகு எங்கே போனார் தெரியுமா? இலங்கைக்கு, நம் இனத்தார் கொழுந்து பறிக்கும் மலைநாட்டுக்கு. பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை 1970இல் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். 15 வருடம் தொடர்ந்து அளந்தார்கள். பல்துலக்கியும் பல் வைத்தியமும் எட்டாத மக்கள் என்பதனாலேயே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. பெரிய பெரிய பல் வைத்தியப் புத்தகங்களில் இன்றும் பேசப்படும் அறிவு, தோட்டத் தொழிலாளியின் வாயிலிருந்து எடுத்தது!

அவர்கள் கண்டது என்ன? அத்தனை பேர் பல்லிலும் அழுக்கு, காரை, இரத்தக்கசிவு. சொத்தைப் பல் அனேகமாக இல்லை. ஆனாலும் 100க்கு 8 பேருக்கு நோய் வெகு வேகமாக ஓடியது. 81 பேருக்கு நடுத்தரமாகப் போனது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 35 வயதில், வேகமாக ஓடியவர்களுக்குப் பல்லின் பிடிப்பு சராசரி 9 மில்லிமீட்டர் போயிருந்தது. நடுத்தரக் கூட்டத்துக்கு 4. கடைசிக் கூட்டத்துக்கு 1கூட இல்லை.

"எங்கள் தாத்தா 80 வயதில் கரும்பு கடித்தார், அவர் என்ன பிரஷ் பிடித்தாரா?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருப்பார். நீங்கள் எந்தக் கூட்டம் என்பது பல் ஆடுகிறவரை உங்களுக்குத் தெரியாது.

இங்கே நம் நாட்டில் 2010இல் பெரியவர்களிடம் எடுத்த கணக்கில் 100க்கு 94 பேருக்கு ஏதோ ஒரு வகை ஈறுக் கோளாறு இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2019இன் சுகாதாரக் கணக்குப்படி மலேசிய இந்தியரில் பெரியவர்கள் 100க்கு 31 பேருக்கு இனிப்புநீர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் வியாதிகள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. சிகரெட் குடிக்கிறவருக்கோ இரத்தமே வெளியில் தெரியாது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வெற்றிலை பாக்கு போடும் அம்மாமார்கள் கோபிக்கக்கூடாது. பாக்கு, புகையிலை சேர்க்காவிட்டாலும், வாய்ப்புற்றுக்கு வழி செய்கிறது.

வைத்தியம் என்ன? இறுகிய காரையைப் பிரஷ் எடுக்காது. உப்புத் தண்ணீர் எடுக்காது. கடையில் வாங்கும் மாத்திரையும் எடுக்காது. பல் வைத்தியர் கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து வேரைச் சுத்தம் பண்ணுவார். "சுத்தம் பண்ணினால் பல் ஆடும்" என்பது வீண் பயம். ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருக்கும், வீங்கிய ஈறு சுருங்கினால் சந்தும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு ஈறு அதிகம் வீங்கும். அவர்களும் தாராளமாகப் போகலாம், வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் கரியும் செங்கல் பொடியும் வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும். மெத்தென்ற பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரவுதான் முக்கியம். விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போகிறவன் இரவு அசந்து படுத்துவிடுகிறான், எனக்குத் தெரியும். படுக்குமுன் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கொடுங்கள். பல் சந்துக்கு நூலோ சிறு பிரஷோ போடுங்கள். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பெரிய தப்பு.

இனி சம்பளம். நான் கிராணி வேலைக்கு வந்த புதிதில், பால்வெட்டும் அண்ணன் ஒருவர் கன்னம் வீங்கி, பல் வைத்தியர் கொடுத்த சீட்டோடு வந்து நின்றார். "இது பல்லுதானே, டாக்டர் சீட்டு இல்லையே" என்று செக்ரோலில் வராதவர் என்று போட்டேன். அவருக்கு ஒருநாள் கூலி போயிற்று. பின்னால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைப் படித்தபோதுதான் என் முகம் வாடியது. பல் வைத்தியர் பரிசோதித்துக் கொடுக்கும் சீட்டுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. பல்லுக்கு எடுப்பதும் இந்தக் கணக்கிலேயே சேரும், தனியாகக் கிடையாது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சீட்டு இருந்தும் அனுமதியின்றி வராதவராகிவிடுவீர்கள். அந்த அண்ணன் கூலியை அடுத்த மாதச் செக்ரோலில் சேர்த்துக் கொடுத்தேன். பல்லை என்னால் கொடுக்க முடியவில்லை.

கிராணிமார்களே, இந்தப் பிரிவைப் பிரதி எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். மற்றவர்கள் கூட்டம் கலையுமுன் வாசல் மேசையில் பெயர் கொடுங்கள். அரசாங்கப் பல் கிளினிக்குக்குச் சேர்ந்தே போகலாம். இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் கிளினிக் புத்தகத்தையும் கையோடு எடுத்து வாருங்கள், பல் வைத்தியர் அதைக் கேட்பார்.