கூட்டு வட்டியும் ஒரு மனைக்கல்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டியை எப்படி நடத்தினேன் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பாடத்தைவிட, அந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

அசல் 10,000, மூன்று ஆண்டு என்று வழக்கமான கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள். "சார், எங்க அண்ணன் வீடு வாங்க லோன் கேட்டாங்க. சம்பளச் சீட்டு இல்லாம தர முடியாதுன்னுட்டாங்க. உங்க காலத்துல எல்லாரும் எப்படி சார் வீடு கட்டுனீங்க?" மணி அடித்துவிட்டது. தப்பித்தேன்.

மறுநாள் அதையே கணக்காகக் கொண்டுபோனேன். 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 9 விழுக்காடு வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். அதை 240 மாதத்தால் பெருக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட 65 லட்சம் வந்தது. "ரெண்டு வீட்டுக் காசைக் கட்டி ஒரு வீடு வாங்குறோமா சார்?" என்றான் ஒருவன். வட்டி 7 விழுக்காடு என்றால் தவணை 23,300 அளவுக்கு இறங்கும். அவ்வளவு மலிவாகக் கடன் கிடைத்த காலமும் இருந்தது. 2020 மே முதல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் அது 6.5. இடையில் மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த பலருக்குத் தவணைத் தொகை அப்படியே இருக்க, கட்டவேண்டிய ஆண்டுகள் நீண்டன.

தவணை கட்டத் தெம்பு இருந்தாலும் முதல் படியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 50 லட்சம் விலையுள்ள ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் தொகை 30 லட்சத்தைத் தாண்டினால் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக்கூடாது. ஆக 10 லட்சம் கையில் வேண்டும். நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, அது நாலரை லட்சம். வங்கி இதைக் கணக்கில் சேர்க்காது. வாடகை கொடுத்துக்கொண்டே பதினான்கரை லட்சம் சேர்க்க ஓர் இளைஞனுக்கு எத்தனை வருடம் ஆகும்? சேர்த்து முடிப்பதற்குள் அந்த வீட்டின் விலை எங்கே நிற்கும்? இதைப் பிள்ளைகளிடம் கேட்டேன். யாரும் பேசவில்லை.

என் அப்பாவுக்கு வங்கியே தெரியாது. மாதத் தவணையில் மனை. அம்மாவின் சங்கிலியை விற்று அஸ்திவாரம். முதலில் ஓர் அறை, ஓட்டுக்கூரை. நான் கல்லூரி முடித்த பிறகுதான் தளம் போட்டார். இன்று அந்த வழி அடைந்துவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஏரிக்குள் மனை வாங்கி ஒவ்வொரு மழைக்கும் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தவன் நான். ஆனால் அங்கீகாரம் பெற்ற மனையில் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட இடத்தின் விலையும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. சிறுகச் சிறுகக் கட்டுகிறவருக்கு ஏற்ற மனை குறைந்துபோனது.

இன்னொரு காரணம் உண்டு. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்த அறையிலேயே பலரிடம், குடியிருக்கும் வீடு போக, ஒரு மனையாவது இருக்கும். ஆசிரியர் ஓய்வறையில் நாம் பேசுவதில் பாதி அதுதானே! என்னிடமும் இரண்டு இருக்கின்றன. 2011இல் வாங்கியவை. இன்றுவரை ஒரு செங்கல் வைக்கவில்லை. சீமைக் கருவேலம் முளைத்து மனைக்கல்லே தெரியாது. கட்டுவதற்காக வாங்கவில்லை, விலை ஏறட்டும் என்று போட்டுவைத்தேன். சம்பளச் சீட்டு என்னிடம் இருந்தது. கடன் உடனே கிடைத்தது.

அந்த மாணவியின் அண்ணனும் என்னிடம் படித்தவன்தான். வேன் ஓட்டுகிறான். போன வருடம் வந்து, "சார், அந்த ரெண்டுல ஒண்ணைக் குடுங்க, பாதிப் பணம் இப்ப, மீதி ரெண்டு வருஷத்துல" என்றான். பக்கத்து மனை போன விலையைச் சொன்னேன். அது நான் வாங்கியதைப் போல ஆறு மடங்கு. "சரிங்க சார்" என்று தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். தங்கை வகுப்பில் கேட்டபோது இது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

போன வாரம் அவனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். என்ன விலை சொல்வது என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை; மகளின் படிப்புச் செலவுக்கு என்று வைத்திருந்த மனை அது. இப்போதைக்கு ஆள் வைத்துக் கருவேலத்தை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.