உயிரின் தோற்றம்: ஈமானுக்கு எது சான்று?

(கோடைக்கால தீனிய்யாத் வகுப்பு நிறைவு விழாவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த விழாவில் பெற்றோரைப் பேணுதல், தொழுகையைப் பேணுதல் ஆகியவை குறித்துப் பேசுவதே நமது வழக்கம். இவ்வாண்டு அதனை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த தம் மகளுடன் வந்தார். அப்பெண் நல்ல மதிப்பெண் பெற்றவர். பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவில் சேர விரும்புகிறார். தகப்பனாருக்குத் தயக்கம். "உயிர் தானாகத் தோன்றியது என்று பாடத்தில் வருகிறதே ஹஜ்ரத்! அதெல்லாம் பொய் என்று நீங்களே ஒருமுறை பயானில் சொன்னீர்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்" என்றார்.

நாம் உடனே பதில் கூறவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். ஏனெனில் அந்தப் பயான் நமக்கு நன்றாக நினைவில் இருந்தது. இன்று கூறப்போவது அந்தப் பிள்ளைக்கான பதில். நாம் முன்பு மிம்பரில் சொன்ன சிலவற்றைத் திரும்பப் பெறுவதும் ஆகும்.

மதரஸாவில் ஓதி முடித்து இமாமத்துக்கு வந்த புதிதில், துருக்கி நாட்டவரான ஹாரூன் யஹ்யா என்பவரின் நூல்களும் வி.சி.டி.க்களும் நம் சமுதாயத்தில் வெகுவாகப் பரவியிருந்தன. பளபளப்பான தாள், அழகிய வண்ணப்படங்கள். அறிவியலைக் கொண்டே அறிவியலாரை மடக்கிவிட்டார் என்று நாம் மகிழ்ந்தோம். அவற்றிலிருந்து இரண்டு வாதங்களை எடுத்து ஜுமுஆவுக்கு ஜுமுஆ பேசினோம். அவ்வாதங்களை விளக்குமுன் புரதம் என்றால் என்ன என்பதைச் சற்றுக் கூற வேண்டும். பட்டு நெசவால் பேர் பெற்ற மாவட்டத்தில் இருக்கும் நமக்கு அது கடினமன்று.

பட்டு என்பதே ஒரு புரதம்தான். ஃபைப்ராயின் என்று அதற்குப் பெயர். கிளைசின், அலனின், செரின் போன்ற அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இழையில் ஐயாயிரத்துக்கும் மேல் கோத்து நிற்கின்றன. நம் உடலின் புரதங்கள் யாவும் ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்களின் கோவைகளே. எதன் பின் எது வரவேண்டும் என்ற வரிசை டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மூன்று எழுத்தாக அதனைப் படிக்கும் முறையைக் கண்டறிந்ததற்காக, பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா 1968ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். காஞ்சிபுரம் தறியில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் உள்ள துளைகள் எந்தப் பாவு இழை உயர வேண்டும் என்று சொல்ல, சேலையில் மயிலும் மாங்காயும் இறங்குகின்றன. டி.என்.ஏ. அந்த அட்டை, புரதம் அந்தச் சேலை.

இந்தத் துறையில் நம் தமிழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் தம் சகா கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954இல் வெளியிட்டார். தோல் தொழிலில் தலைமுறைகளாக இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி உறவினர்கள் நமக்கு உண்டு; அவர்கள் கையில் புரளும் தோலின் உறுதி அந்த மும்முறுக்கில்தான் இருக்கிறது. அணு அணுவாகப் பார்த்தால் இத்தனை நேர்த்தி! இதனைக் கண்டு ஒரு முஃமினின் நாவு சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இருக்குமா? அதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தயக்கம் அதன் பின் நாம் அடுக்கிய வாதங்களில்தான்.

முதல் வாதம் இது. பழைய இரும்புக் கிடங்கில் புயல் வீசினால் ஆகாய விமானம் உருவாகுமா? ஓர் உயிரணுவுக்கு வேண்டிய நொதிகள் தற்செயலாக அமைய, ஒன்றுக்குப் பின் 40,000 பூஜ்யங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ஆகவே உயிர் தானாக வந்திருக்க முடியாது என்றோம்.

இந்தக் கணக்கு யாருடையது என்று அன்று நாம் விசாரிக்கவில்லை. ஃப்ரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய வானியலாரும், கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க என்பவரும் 1981இல் எழுதியது. அவர்களின் நோக்கம் உயிர் விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்தது என்று வாதிடுவது! அதே 1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பள்ளிகளில் பரிணாமத்துக்குச் சமமாகப் படைப்புவாதமும் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டத்தை ஆதரித்து மாநில அரசு அழைத்த சாட்சிகளுள் விக்கிரமசிங்கவும் ஒருவர். ஆனால் குறுக்கு விசாரணையில், பூமியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்று அறிவுள்ள எந்த விஞ்ஞானியும் நம்பமாட்டார் என்ற கருத்தை அவரே கூறிவிட்டார். அழைத்தவர்களின் வழக்கு அழைத்த சாட்சியாலேயே சரிந்தது. 1982 ஜனவரி 5ஆம் நாள் நீதிபதி ஓவர்டன் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தார்.

கணக்கிலும் பிழை உண்டு. எல்லா நொதிகளும் ஒரே வீச்சில், ஒரே குறிப்பிட்ட வரிசையில் விழவேண்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. உயிரியலார் எவரும் அப்படிச் சொல்லவில்லை. சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தன, பயன்பட்டது நிலைத்தது என்பதே அவர்கள் கூற்று. மேலும் ஒரே வேலையைப் பல வரிசைகள் செய்யும். மல்பெரிப் புழுவின் பட்டிலும் டசார் புழுவின் பட்டிலும் அமினோ அமில வரிசை ஒன்றல்ல. இரண்டும் பட்டுதானே! தறி உவமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தறி குட்டி போடுவதில்லை. உயிரணு தன்னைப்போல் இன்னொன்றை ஈனுகிறது, அப்போது சிறு வேறுபாடுகளும் நேர்கின்றன. அறிவியலாரின் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. அதனைச் சொல்லாமல் தறியை மட்டும் காட்டியது நம் பக்கக் குறை.

இரண்டாவது வாதம்: புரதம் உண்டாக டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. வேலை செய்யப் புரதம் வேண்டும், எது முந்தி? ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோம். கேட்பவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் நாம் அதனைப் பேசுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், ஆர்.என்.ஏ. எழுத்தைச் சுமப்பதோடு நொதியின் வேலையையும் செய்யவல்லது என்று தாமஸ் செக் கண்டறிந்துவிட்டார். 1989இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. புரதத்தைக் கோக்கும் பட்டறை ரைபோசோம். அதன் கட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் துலங்கியபோது, அமினோ அமிலங்களை இணைக்கும் மையம் ஆர்.என்.ஏ.யால் ஆனது என்று தெரிந்தது. அந்த ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். நாம் மிம்பரில் பூட்டிய பூட்டுக்குச் சாவி ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது. நமக்குத்தான் செய்தி எட்டவில்லை.

உயிரற்ற பொருளிலிருந்து முதல் உயிரணு எவ்வாறு வந்தது என்பது முற்றிலும் தெளிந்துவிட்டதா? இல்லை. 1953இல் ஸ்டான்லி மில்லர் குடுவைக்குள் வாயுக்களையும் நீராவியையும் வைத்து மின்பொறி செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றார். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் உண்டு என 1970இல் அறிவித்த குழுவில், இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்ற சிரில் பொன்னம்பெருமா இருந்தார். கற்கள் கிடைத்துவிட்டன, வீடு எழும்பிய விதம் இன்னும் ஆய்வில் இருக்கிறது. "தெரியவில்லை" என்று அவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஆனால் அந்த இடத்தைப் பார்த்து "இதோ எங்கள் இறைவன்" என்று நாம் சுட்டிக்காட்டினால், நாளை அது விளங்கும் நாளில் நம் பிள்ளையின் ஈமான் என்னாவது? அல்லாஹ் அறியாமையின் இடுக்கில் மட்டும் இருப்பவனா? விளங்கியவற்றுக்கும் அவனே ரப்பு அல்லவா?

மதரஸாவில் ஷரஹுல் அகாயித் ஓதியபோது முதற்பாடமாக நாம் படித்தது என்ன? அறிவு வரும் வாயில்கள் மூன்று: குறையற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. அந்த வி.சி.டி. இம்மூன்றில் எது? சரிபார்க்காத செய்தி. அதே எழுத்தாளரின் படைப்பு வரைபடம் என்ற பெருநூலில், கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாத பூச்சி என்று காட்டிய படங்களில் ஒன்று, மீன் பிடிக்கச் செய்த செயற்கைப் பூச்சி. தூண்டில் முள் படத்திலேயே தெரிகிறது! சுட்டிக்காட்டியவர்கள் மாற்றார், நாம் வெட்கப்பட்டோம். அவர் 2018இல் கைதாகி, 2022 நவம்பரில் இஸ்தான்புல் நீதிமன்றம் 8,658 ஆண்டு சிறை விதித்தது வேறு குற்றங்களுக்காக. அதனைக் கொண்டு அவர் வாதம் பொய் என்று நாம் சொல்லவில்லை. வாதம் அதற்கு முன்பே தவறாகத்தான் இருந்தது.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசினர். நபித்துவத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆனால் நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று தெளிவுபடுத்திவிட்டார்கள். தமக்குச் சாதகமான தவறான சான்றைத் தாமே மறுத்தார்கள். மகனை அடக்கிய துயரத்தின் நடுவிலும்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தஹாஃபுத் நூலின் முன்னுரையில் இந்த ஹதீஸையே எடுத்துப் பேசுகிறார்கள். கணிதத்தால் உறுதியான கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பதும், முறையற்ற வழியில் மார்க்கத்துக்கு உதவுபவரால் வரும் கேடு, முறையோடு எதிர்ப்பவரால் வருவதைவிடப் பெரிது என்பதும் அவர்கள் கருத்து. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நாம் அதனை ஓதியிருந்தும் மிம்பரில் ஏறும்போது மறந்தோம்.

ஆதம் (அலை) அவர்களின் படைப்பு பற்றி என்ன என்று கேட்பீர்கள். மழுப்ப விரும்பவில்லை. மனிதனும் பிற உயிரினங்களும் பொதுவான முன்னோரிடமிருந்து வந்தவை என்பதற்கு டி.என்.ஏ. ஒப்பீட்டில் வலுவான சான்றுகள் உள்ளன என்பதே உயிரியலாரின் ஒருமித்த முடிவு. ஆதம் நபியைப் பற்றிய நமது நம்பிக்கையோ வஹ்யின் வழி வந்தது. இங்கே இடறல் இருக்கிறது. உலமாக்களிடையே பேச்சும் இருக்கிறது. உஸ்மானிய ஆட்சிக் காலத்தில் திரிப்போலியைச் சேர்ந்த ஷைகு ஹுஸைன் அல்ஜிஸ்ர் அவர்கள் 1888இல் எழுதிய ரிஸாலத்துல் ஹமீதிய்யாவில், பரிணாமம் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டால் வசனங்களை அதனோடு இணங்கப் பொருள்கொள்ள வழியுண்டு என்ற அளவுக்குப் பேசியிருக்கிறார்கள். அதனை ஏற்காத பெரியோரும் பலர். நாம் வஹ்யை நம்புகிறோம். அதனை ஆய்வுக்கூடத்தில் நிறுவிவிட்டதாக இனி எங்கும் சொல்லமாட்டோம். ஆய்வாளர்களைப் பொய்யர் என்றும் சொல்லமாட்டோம்.

வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர் டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. 2023இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். நம் மாநிலப் பாடநூலில் அப்பாடம் இருக்கிறது. பாடத்தை நீக்கியோர் வரிசையில் நம் ஜமாஅத்தும் தன் வீட்டளவில் நிற்க வேண்டுமா? நம் பெண்மக்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்கிறோம். உயிரியல் படிக்காத பெண் எப்படி மருத்துவராவார்?

தவணை முடிந்து அந்தத் தகப்பனாரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். முன்பு சொன்னது தவறு என்பதையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் பரீட்சையில் என்ன எழுதுவது ஹஜ்ரத்?" என்று பிள்ளைதான் கேட்டது. "பாடத்தில் உள்ளதை, புரிந்துகொண்டு, முழுமையாக எழுதம்மா. புரியாத இடத்தை ஆசிரியரிடம் கேள். மனம் உறுத்தினால் இங்கே வந்து நம்மிடம் கேள். நமக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்போம்" என்றோம்.

அந்தப் பிள்ளை உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டது. நிர்வாகத்தாரிடம் நமது கோரிக்கை ஒன்றுண்டு: மக்தப் அறையின் அலமாரியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூல்கள் இரண்டு படிகள் வாங்கி வைக்க வேண்டும். ஒரு படி பிள்ளைகளுக்கு, மற்றொன்று நமக்கு.