தெரு உயர்ந்தது, திருவாயில் தாழ்ந்தது



அடியேன் பிறந்த ஊரில், சாலையோரத்தில் ஒரு சிவாலயம் உண்டு. இளமையில் மூன்று படி ஏறி உள்ளே சென்றோம். இன்று இரண்டு படி இறங்கிச் செல்கின்றோம். கோயில் புதையவில்லை, தெருதான் உயர்ந்தது. பழைய தாரை அகற்றாமல் அதன்மேலேயே புதிய தாரை இட்டதால் வந்த வினை இது. மழைக்காலத்தில் தெருநீர் கருவறை வரை வந்து நிற்கிறது. ஈசன் நீராட விரும்புபவன்தான். ஆனால் சாக்கடை நீரிலா?

இதனால் விளையும் கேடு பெரிது. நம் முன்னோர் கோயிலின் ஜகதி, குமுதம் முதலிய அடித்தளப் பகுதிகளில் கல்வெட்டுகளைப் பொறித்தனர். விளக்குக்கு ஆடு அளித்தவர், நந்தவனத்துக்கு நிலம் ஈந்தவர் என அறம் செய்தோரின் பெயர்கள் அங்கே உள்ளன. தரை உயர்ந்தால் அவை மண்ணுள் மறையும். ஈரம் கல்லுள் ஏறி, உப்புப் பூத்து, எழுத்துகள் பொரிந்து உதிரும். சாந்தின்றிக் கல்மேல் கல்லாக அடுக்கப்பட்ட பழைய சுவர்களை அதிர்வு உருளைகளின் நடுக்கமும் நெகிழச் செய்யக்கூடும்.

சாலை வேண்டாம் என்று அடியேன் கூறவில்லை. சாலை அமைப்பதும் அறமே. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததை நாடறியும். வழியும் வழிபாடும் பகையல்ல.

சட்டமும் துணை நிற்கின்றது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தமிழக அரசுக்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆயினும் நம் ஊர்க் கோயில்களுள் மிகப் பல இவ்வாறு அறிவிக்கப்பட்ட சின்னங்கள் அல்ல. அவற்றுக்குக் காவல் ஊராரின் விழிப்பே.

ஆகவே மூன்று செயல்களை வேண்டுகின்றேன். முதலாவது, சாலைப்பணி தொடங்குமுன் கோயிலின் படிகளையும் சுவர்களையும் கல்வெட்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் இடுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். சாலை மட்டம் உயரலாகாது என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியுள்ளார். எனவே இது சலுகையன்று, முறை. மூன்றாவது, மண் தோண்டுகையில் திருமேனியோ நாணயமோ கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே கூறுங்கள். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லையும் பெயர்த்து எறிய விடாதீர்கள். அதுவும் ஒருவர் செய்த அறத்தின் சாட்சி.

அன்பர்களே! அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்தோறும் புல்லைச் செதுக்கிப் பாதையைத் தூய்மை செய்தார். இறைவனுக்கும் அடியாருக்கும் இடையே உள்ள வழியைக் காப்பதே உழவாரப் பணி. நம் காலத்தில், எழுதிக் கேட்கும் ஒரு விண்ணப்பமும் உழவாரமே. அடியேன் ஊரில் இருபது பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைச் சென்ற மாதம் அளித்துள்ளோம். அடுத்த மழைக்கு முன் அப்படிகள் வெளிப்பட வேண்டும் என்று இறைவனை வேண்டுகின்றேன். நீங்களும் உங்கள் ஊர்க் கோயிலின் படிகளை இன்றே எண்ணிப் பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.